எந்தப் பக்கமும் இல்லாதவள்

கால்பந்து லீக்கில் முதலாவதாக வந்த அணியும் கோப்பையைத் தட்டிச்சென்ற அணியும் புது சீசன் தொடங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு ஆட்டம் நேருக்கு நேர் ஆடுவார்கள், பெரிய ஊர்களில் அதுதான் வழக்கம் என்று மரிய கொரற்றிக்கு முதன்முதலில் சொன்னவள் அவள் மகள் டெல்பின்தான். போன சாம்பல் புதன்கிழமை, காலைப் பூசை முடிந்து வந்து, நெற்றிச் சாம்பல்கூட அழியாமல், அடுப்படியில் சம்மணமிட்டு உட்கார்ந்து கட்டஞ்சாயா குடித்துக்கொண்டே சொன்னாள். "லீக்குன்னா மாசக்கணக்குல எல்லாருகூடயும் ஆடி, புள்ளி சேத்து, கடைசில மேல நிக்கியது. கோப்பைன்னா தோத்த அண்ணைக்கே வீட்டுக்குப் போவணும், தோக்காம கடைசி வரைக்கும் போறவனுக்கு அது. ரெண்டும் ரெண்டு வித ஜெயிப்பும்மா. ரெண்டு பேருல ஆரு பெரியவன்னு பாக்கியதுக்கு ஒரு ஆட்டம்." கொரற்றி சாளை மீனைச் செதில் போக்கிக்கொண்டே, "அதுல நீ எந்தப் பக்கம் மோளே?" என்று கேட்டாள். டெல்பின் சிரித்தாள். "நான் எந்தப் பக்கமும் இல்ல. நான் நடுவுல. எண்ணைக்காவது ஒரு நாளு அந்த ஆட்டத்துக்கு நான் விசிலு ஊதணும்." அந்த எண்ணைக்காவது ஒரு நாள் இத்தனை சீக்கிரம் வரும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும், இதோ வந்துவிட்டது, சென்னையில், ஆடி முடியப்போகிற வெயிலில், சுடுகிற சிமென்ட் படிக்கட்டில் ஒரு துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள் கொரற்றி, முந்தானைக்குள் ஜெபமாலை, கீழே பச்சைப் புல்லில் ஒரு பக்கம் நீலச் சட்டை, மறுபக்கம் மஞ்சள் சட்டை, நடுவில் கறுப்புச் சட்டையில் தன்னந்தனியாக அவள் வயிற்றில் பிறந்தது. நடுவில் என்று சொன்னாளே, அது இப்படி இருக்கும் என்று சொல்லவில்லையே. நடுவில் என்றால் வீட்டுக்கு நடுவில் இருக்கிற முற்றம் மாதிரி பத்திரமாக இருக்கும் என்றல்லவா நினைத்தேன், இது கடலுக்கு நடுவில் அல்லவா நிற்கிறாள்.

நீலச் சட்டை ஹார்பர் பாய்ஸ், லீக்கில் ஜெயித்தவர்கள். மஞ்சள் காவேரி யூத், கோப்பையில் ஜெயித்தவர்கள், அதை மகன் வினிஸ்டன் பஸ்ஸில் வரும்போதே நாலு தடவை சொல்லிக் கொடுத்திருந்தான். சொல்லிக் கொடுத்தவன் வாசல் வரைக்கும்தான் வந்தான். "நான் வெளிய சாயாக்கடையில நிக்கேன்ம்மா, உள்ள வந்தா ஆரையாவது அடிச்சிருவேன்." விளையாட்டுக்குச் சொல்லவில்லை அவன். முன்பு ஒரு மாவட்ட ஆட்டத்தில் தங்கச்சியைப் பற்றி அசிங்கமாகக் கத்தியவனின் சட்டையைப் பிடித்துவிட்டான். டெல்பின் ஆட்டத்தை நிறுத்தி, கோட்டுக்கு வெளியே வந்து, சொந்த அண்ணனுக்கே சிவப்பு அட்டையைக் காட்டி மைதானத்தை விட்டு அனுப்பினாள். ஊரே சிரித்தது. அவனும் இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்துவிட்டு மூன்றாம் நாள் அவனாகவே எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தான். தாய்க்கு டெல்பின் அட்டை காட்டவில்லை, வாக்கு வாங்கிக்கொண்டாள். "ம்மா, நீ வரலாம். ஆனா விசிலு முடியிற வரைக்கும் நீ ஆருன்னு கேலரியில ஆருட்டயும் சொல்லப்பிடாது. நான் தப்பா ஊதினா உன்னைப் பேசுவினும். சரியா ஊதினாலும் பேசுவினும். கேட்டியா?" கேட்டேன் மோளே. "இந்த ஆட்டத்தை ஒரு பொம்பளைட்டக் குடுத்தது இதான் மொதல் தடவை. மேல ஒரு ஆளு இருந்து எனக்க ஒவ்வொரு ஊதலையும் பாத்து எழுதுவாரு. நல்லா வந்தா நாடு முழுக்கப் போயி ஊதலாம். சொதப்பினா நான் மட்டும் இல்ல, எனக்குப் பொறத்தால வாறவளுக்கும் கதவு அடைஞ்சிரும்." அதைச் சொல்லும்போது அவள் குரலில் பயம் இல்லை, அதுதான் கொரற்றிக்குப் பயமாக இருந்தது. பயம் இல்லாத பிள்ளைக்காகத் தாய்தான் இரண்டு பங்கு பயப்பட வேண்டியிருக்கிறது. அதனால்தான் நவநாள் தொடங்கினாள், ஒன்பது நாளும் மாதா கெபி முன்னால் மெழுகுவத்தி கொளுத்தி. ஆனால் என்னவென்று கேட்பது? மற்ற தாய்மாருக்கு எளிது, எனக்க மோன் ஜெயிக்கணும் மாதாவேன்னு கேட்டால் போதும். எந்தப் பக்கமும் இல்லாத பிள்ளைக்கு எதைக் கேட்பது? யோசித்து யோசித்து, முதல் நாள் மெழுகுவத்தி பாதி உருகிய பிறகுதான் அவளுக்குப் பொறி தட்டியது. சமமாக முடிய வேண்டும். ஊரில் பங்கு லீக்கில் ஜெயித்த தெருவும் திருநாள் கோப்பையில் ஜெயித்த தெருவும் மீன்பிடித் தடைக்காலத்தில் இப்படித்தான் ஒரு ஆட்டம் ஆடும். சமமாக முடிந்தால் பங்குச் சாமியார் கோப்பையை வாங்கி, ஆறு மாதம் வடக்குத் தெருக் குருசடியில், ஆறு மாதம் தெற்குத் தெருக் குருசடியில் என்று தீர்ப்புச் சொல்லுவார், எல்லாரும் ஒன்றாகப் பாயசம் குடித்துப் போவார்கள். அப்படியே ஆகட்டும் மாதாவே. யாருக்கும் நோவாமல். யாரும் தோற்காவிட்டால் யார் அவளைத் திட்டப்போகிறார்கள்?

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கொரற்றியைவிட இரண்டு மடங்கு அகலம், நீலத் துண்டைத் தலையில் கட்டியிருந்தாள், கடலையை உரித்து உரித்துத் தோலை முன்வரிசைக்காரன் தலையில் ஊதிக்கொண்டிருந்தாள். "எந்த ஊரு நீ?" என்று அவளாகவே கேட்டாள். கன்னியாகுமரிப் பக்கம் என்றாள் கொரற்றி. "அய்ய, அம்மாந் தூரத்துலேர்ந்து மேட்ச் பாக்கவா வந்துகீற?" மோன் இங்கே ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறான், அவன் கூட்டிவந்தான் என்றாள் கொரற்றி, பொய் இல்லை, ஆனால் உண்மையின் வால் மட்டும்தான் அது, தலையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள், வருகிற சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் இதையும் சேர்க்க வேண்டும். "தோ பாரு, அந்தாண்ட பச்ச சட்ட போட்டுகினு நிக்கிறான் பாரு, கீப்பரு, எம்புள்ள. லோகேஷு. காசிமேட்டுல ஐஸ் பொட்டிய லாரிலேர்ந்து வீசுவாங்க, கீழ நின்னு புடிப்பான், சின்னப் புள்ளையிலேர்ந்து. ஒரு பொட்டி கீழ வுட்டதில்ல. எம் பேரு தேசம்மா, யார வேணா கேளு, லோகு அம்மான்னா தெரியும்." அதைச் சொல்லிவிட்டு அவள் எழுந்து நின்று, "லோகூ! கண்ணு!" என்று ஒரு கூப்பாடு போட்டாள், பச்சைச் சட்டை திரும்பிப் பார்க்காமலே ஒரு கையைத் தூக்கியது. கொரற்றிக்கு நெஞ்சுக்குள் ஏதோ எரிந்தது. பொறாமைதான், வேறென்ன சொல்ல. என்ன கொடுத்து வைத்தவள் இவள், பெருமையை வாய் நிறைய எடுத்துத் தெருவில் துப்பலாம், ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். எனக்கோ அதை மிட்டாய் மாதிரி கன்னத்துக்குள் அடக்கி வைத்துக்கொண்டு இருக்க வேண்டியிருக்கிறது, சத்தம் வராமல், கரையவும் விடாமல். பெருமை பாவம்தான், தெரியாதா, ஞானோபதேச வகுப்பில் தலையான பாவங்கள் ஏழையும் ஒப்பித்தவள்தானே, ஆங்காரம்தான் முதலாவது. போன வாரம் அதைத்தான் சாமியாரிடம் சொன்னாள், சாமி, எனக்கு மோளை நினைச்சு நினைச்சு ஆங்காரமா வருது, கறி வைக்கும்போதும் வருது, பூசைக்கு நடுவிலயும் வருது. கம்பித் தட்டிக்கு அந்தப் பக்கம் நாற்காலி முன்னால் நகர்கிற சத்தம். பிறகு சாமியார், "எந்த ஆட்டம்? ஞாயிற்றுக்கிழமையா? டிவியில காட்டுவாங்களா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். மூன்று போதுமா என்று அவளுக்கு இன்றைக்கும் சந்தேகம்.

விசில் ஊதியது. மற்றவர்களுக்கு அது ஆட்டம் தொடங்கின சத்தம், கொரற்றிக்கு அது பிள்ளையின் மூச்சு. எத்தனை தடவை அந்த மூச்சைக் காதுவைத்துக் கேட்டிருக்கிறாள், நெஞ்சில் சளி கட்டி விடியவிடிய இழுத்த மூச்சு, இதுவா இப்படி மைதானத்தை நிறுத்துகிறது, இருபத்திரண்டு ஆண்பிள்ளைகளை ஒரே இடத்தில் நிறுத்துகிறது. ஓடுகிறாள் பார், முழங்கால் வலிக்கிறதா, அந்த வலது முழங்கால். பள்ளிக்கூட அணியில் ஆடும்போது பிசகினது, இனி ஆட முடியாது என்று டாக்டர் சொன்னபோது பிள்ளை அழவே இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள், எழுந்து வந்த அன்றைக்கே கடற்கரையில் பையன்கள் ஆடுகிற இடத்தில் போய், யார் கேட்டார்கள் இவளை, கையை வாயில் வைத்து விசில் அடித்து, "கை பட்டுச்சு! கை பட்டுச்சு லே, நான் கண்டேன்!" என்று நின்றாளாம். பையன்கள் துரத்தினார்கள். மறுநாளும் போய் நின்றாள். பிறகு இவள் இல்லாவிட்டால் சண்டை வருகிறது என்று அவர்களே வந்து கூப்பிட்டார்கள். அவள் அப்பா சூசைமிக்கேலுக்குத்தான் பிடிக்கவில்லை, கடலிலிருந்து வந்து கேட்ட முதல் கேள்வி, "விசிலு ஊதுறவளை எவன் கெட்டுவான்?" அதற்கு டெல்பின், "ஊதலைக் கேக்கியவன் கெட்டுவான்ப்பா" என்றாள், மனுஷன் சோற்றுத் தட்டில் இருந்து தலையைத் தூக்காமல் சிரித்தது கொரற்றிக்கு மட்டும்தான் தெரியும். இப்போது அவர் எங்கே, கொச்சியைத் தாண்டி ஆழத்தில், தடை முடிந்த அன்றைக்கே மீன்பிடிப் போட்டில் ஏறிவிட்டார். வயர்லெஸ்ஸில் யாராவது சொல்லுவார்களோ, உனக்க மோளு இண்ணைக்கு மெட்ராசுல ஊதுறான்னு. சொன்னால் என்ன செய்வார், பீடியைத் தலைகீழாக வைத்துப் பற்றவைப்பார். அவருக்கு எல்லாமே கோப்பைதான். நாற்பது நாள் காணாமல் போய், ஒரு நாள் சுறாவோடு வந்து இறங்குவார், பிள்ளைகள் ஓடிப்போய் அப்பா அப்பா என்று தொங்கும், தெருவே திருநாள் ஆகிவிடும். நான் லீக்கு. தினம் காலை மீன் பாத்திரத்தைத் தலையில் வைத்து, குழித்துறை வரை பஸ், பிறகு வீடு வீடாக நடை, மழையானாலும் காய்ச்சலானாலும் நடை, திரும்பிவந்து சோறு, பள்ளிக்கூடம், துணி, ஜெபமாலை. ஒரு நாள் ஜெயித்தேன் என்று யாரும் மாலை போடவில்லை, ஒரு நாளும் தோற்கவும் இல்லை. தடை முடிகிற நேரம், போட்டு புறப்படுகிறதற்கு முந்தின சாயங்காலம், இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து வலையைப் பார்த்துக்கொண்டு இருப்பார்களே, அதுவும் இந்த ஆட்டம் மாதிரிதானே, அந்த வருஷத்தின் இரண்டு ஜெயித்தவர்களும் நேருக்கு நேர். யார் பெரியவர் என்று ஒரு வருஷமும் தீர்ந்ததில்லை. எங்களுக்கு விசில் ஊதத்தான் இவள் பிறந்தாளோ. கொரற்றிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தேசம்மா திரும்பி, "இன்னா சிரிக்கிற, நம்மாளு கோல் போட்டுட்டான் பாரு!" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள், படிக்கட்டு முழுக்க எழுந்து குதித்தது, நீலம் ஒன்று, மஞ்சள் ஒன்றுமில்லை.

மாதாவே, மஞ்சளுக்கும் ஒன்று, என்று கொரற்றி மணியை உருட்டினாள், தேசம்மாவின் கடலையைத் தின்றுகொண்டே அவள் பிள்ளைக்கு எதிராக ஜெபிக்கிறோமே என்று தொண்டையில் கடலை சிக்கியது. இடைவேளை வந்தது, போனது. வெயில் எதிர்ப்பக்கக் கூரையில் ஏறிவிட்டது. இரண்டாம் பாதியில் நீலச் சட்டை ஒருவன் கோல் முன்னால் இருக்கிற கட்டத்துக்குள் விழுந்து உருண்டான், டெல்பின் ஓடிவந்து, கையை ஆட்டி, எழும்பு எழும்பு என்றாள், நடிக்கிறாய் என்று மஞ்சள் அட்டையைத் தூக்கிக் காட்டினாள், அவ்வளவுதான், தலைக்குமேல் வானம் கிழிந்த மாதிரி. "ஏய், வூட்ல போய் தோசை சுடு!" "கண்ணாடி வாங்கிக் குடுங்கடா அதுக்கு!" இதைவிட மோசமாகவும் வந்தது, கொரற்றி அந்த வார்த்தைகளைக் காதுக்குள் விடாமல் அருள்நிறைந்த மரியேயை இழுத்துப் போர்த்திக்கொண்டாள், அருள்நிறைந்த மரியே வாழ்க, தோசை சுடு என்கிறானே, அவள் சுடுகிற தோசையை இவன் தின்றுவிடுவானா, வட்டமே வராது அவளுக்கு, கர்த்தர் உம்முடனே, ஐயோ மன்னியும் மாதாவே ஜெபத்துக்கு நடுவில் தோசை வந்துவிட்டது. ஆனால் அவள் முகத்தைப் பார், இத்தனை வாய் கத்துகிறது, ஒரு தசை அசைகிறதா, அட்டையைப் பையில் போட்டாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், ஓடினாள். யாரிடம் கற்றாள் இதை. குழித்துறையில் ஒரு வீட்டம்மா ஒரு நாள் மீன் நாறுகிறது என்று பாத்திரத்தையே தள்ளிவிட்டாள், கூட வந்திருந்த டெல்பினுக்கு அப்போது ஏழு வயசு இருக்கும், கொரற்றி ஒன்றும் பேசவில்லை, கீழே விழுந்ததைப் பொறுக்கிக் கழுவிப் பாத்திரத்தில் அடுக்கி, அடுத்த வீட்டு வாசலில் போய் அதே குரலில் மீனு என்று கூப்பிட்டாள். வீடு திரும்புகிற வழியெல்லாம் பிள்ளை அவள் முகத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தது. இப்போது தெரிகிறது அங்கே எதைப் பார்த்துக்கொண்டு வந்தது என்று. என்னிடமிருந்துதான், என்னிடமிருந்துதான் எடுத்திருக்கிறாள். ஆங்காரம் வந்துவிட்டது மறுபடியும், வரட்டும், மூன்று அருள்நிறைந்த மரியே முன்கூட்டியே சொல்லிவிட்டால் போகிறது. அப்போது மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் தலையால் முட்டினான், பந்து லோகேஷின் விரல் நுனியைத் தடவிக்கொண்டு உள்ளே போனது. தேசம்மா தலைத்துண்டை அவிழ்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். ஒன்றுக்கு ஒன்று. அதற்குப் பிறகு ஓடிய நேரம் எல்லாம் கொரற்றி பந்தைப் பார்க்கவில்லை, கறுப்புச் சட்டையை மட்டும் பார்த்தாள், ஊது மோளே, முடி மோளே, ஊது. ஊதினாள், நீளமாக, மூன்று தடவை. முடிந்தது! சமம்! மாதாவே உமக்கு ஸ்தோத்திரம், கேட்டதைக் கேட்டபடி தந்தீரே. கொரற்றி சிலுவை வரைந்துகொண்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு எழுந்தாள். "எங்க போற?" என்றாள் தேசம்மா. முடிஞ்சுதே, ரெண்டு பேருக்கும் ஆறு ஆறு மாசம், என்றாள் கொரற்றி. "இன்னா ஆறு மாசம்? குந்து, இனிமேதான் கீது. இந்த ஆட்டத்துக்கு எக்ஸ்ட்ரா டைமும் இல்ல ஒண்ணும் இல்ல, ஸ்ட்ரெய்ட்டா பெனால்ட்டி. எம்புள்ளயும் பந்தும்தான். அப்பறம் அந்த விசில்காரி."

கொரற்றி மாட்டின செருப்போடு அப்படியே உட்கார்ந்தாள். பெனால்ட்டி என்றால் தெரியும், ஊரில் அதற்குத்தான் தலை உடையும், ஒவ்வொரு உதைக்கும் ஒரு தீர்ப்பு, ஓடி ஒளிய இடமில்லை, மைதானம் முழுக்கக் காலி, எல்லாக் கண்ணும் ஒரே இடத்தில். ஒன்பது நாள் முழங்காலில் நின்று, மெழுகுவத்தி கொளுத்தி, இதையா கேட்டேன். நானேதான் கேட்டேன். யாருக்கும் நோவாமல் என்று கேட்டு என் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தினேனே. பங்குச் சாமியார் எங்கே, பாயசம் எங்கே. ஒருவேளை இந்த ஊரிலும் அதுதான் வழக்கமா என்று ஒரு வார்த்தை அவளிடம் கேட்டிருக்கலாமே, அடுப்படியில் அத்தனை நேரம் உட்கார்ந்திருந்தாளே, கேட்கத் தோன்றவில்லையே. மாதாவே, கேட்டதைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியுமா. இனி எதைக் கேட்பது என்று தெரியாமல் கை மணியை வெறுமனே பிடித்துக்கொண்டது. கீழே ஒவ்வொருவனாக வந்து உதைத்தான். உள்ளே. உள்ளே. நீலச் சட்டை ஒருவன் வானத்துக்கு அடித்தான், அவன் புல்லில் முகத்தைப் புதைத்துக்கொண்டதைப் பார்த்து கொரற்றிக்கு அவன் தாயின் ஞாபகம் வந்தது. கடைசியில் காவேரிக்காரன் ஒருவன் பந்தை வைத்தான், இவன் போட்டால் கோப்பை அவர்களுக்கு, லோகேஷ் பிடித்தால் இன்னும் ஆட்டம் இருக்கிறது என்று தேசம்மா கொரற்றியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், ஐஸ் பெட்டி தூக்குகிற கைதான் இதுவும், எலும்பு நொறுங்குகிற பிடி. டெல்பின் லோகேஷிடம் போய் கோல் கோட்டைக் காட்டி ஏதோ சொன்னாள். அவன் தலையாட்டினான். ஊதினாள். காவேரிக்காரன் உதைத்தான், லோகேஷ் பறந்தான், பந்து அவன் நெஞ்சில் மோதி வெளியே தெறித்தது. படிக்கட்டே இடிந்து விழுகிற மாதிரி சத்தம், தேசம்மா கொரற்றியைக் கட்டித் தூக்கிவிட்டாள், கால் தரையில் இல்லை, கொரற்றியும் சிரிக்கிறாள், எதற்கென்று தெரியாமல், யாரோ ஒரு தாயின் பிள்ளை பிடித்துவிட்டான். அந்தச் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம். மெல்லிய சத்தம். அவளுக்கு மட்டும் முதலில் கேட்டது, அந்த மூச்சை அவள் ஆயிரம் சத்தத்துக்கு நடுவிலும் அறிவாள். டெல்பின் ஒரு கையைத் தூக்கி, மறு கையால் கோட்டைக் காட்டி நின்றாள். உதைக்கிறதற்கு முன்பே கீப்பர் கோட்டை விட்டு முன்னால் வந்துவிட்டான். மறுபடியும் உதை.

நீலச் சட்டைகள் எல்லாம் அவள்மேல் பாய்ந்தன, அவளைவிட ஒரு முழம் உயரமான ஆண்கள், சுற்றி நின்று கையை வீசிக் கத்தினார்கள், கறுப்புச் சட்டை தெரியவே இல்லை. நீ கண்டாயா மோளே, உறுதியாகக் கண்டாயா, இமை கொட்டுகிற நேரம்தானே, கண்ணில் வியர்வை விழுந்திருந்தால், வெயில் அடித்திருந்தால். காணாத மாதிரி விட்டிருக்கலாமே, யாருக்குத் தெரியப்போகிறது, இத்தனை பேரும் உன்னைக் கொண்டாடியிருப்பார்களே. இல்லை. கண்டதைக் காணவில்லை என்று சொல்ல அவளுக்குத் தெரியாது. அது தெரிந்திருந்தால் அன்றைக்குக் கடற்கரையில் பையன்கள் துரத்தியபோதே வீட்டுக்கு வந்திருப்பாள். கூட்டம் கொஞ்சம் விலகியது, அப்போது கொரற்றி பார்த்தது மகளை அல்ல, லோகேஷை. அவன் கத்தவில்லை. யார் பக்கமும் போகவில்லை. தன் காலைக் குனிந்து பார்த்தான், தலையைச் சரி என்பதுபோல் மெல்ல ஆட்டினான், கையுறையைத் தட்டிக்கொண்டு திரும்பக் கோட்டுக்கு நடந்தான். "இன்னாத்துக்குடா தலையாட்டுற!" என்று தேசம்மா வீறிட்டாள், "போய் அவள கேளுடா!" கொரற்றிக்குள் ஏதோ அவிழ்ந்து மூச்சு வந்தது. சரியாகத்தான் ஊதினாள். பிடித்தவனே சொல்லிவிட்டான். ஐயோ நல்ல பிள்ளை, எத்தனை நல்ல பிள்ளை, இவனைப் பெற்றவள் இவள், அவளைப் பெற்றவள் நான். மறுபடியும் ஊதல். மறுபடியும் உதை. லோகேஷ் இந்தத் தடவை கோட்டிலேயே நின்று பாய்ந்தான், சரியான பக்கம்தான், பந்து கொஞ்சம் மேலே போனது, வலை குலுங்கியது. மஞ்சள் எல்லாம் ஓடியது. நீலம் எல்லாம் உட்கார்ந்தது. டெல்பின் கடைசி விசிலை ஊதினாள்.

தேசம்மா அழுதாள், கம்பி வேலி வரைக்கும் இறங்கிப்போய் அதைப் பிடித்துக்கொண்டு அழுதாள், துண்டால் மூக்கைச் சிந்திக்கொண்டே பொறிந்தாள். "அவளப் பெத்தவ எங்க கீறாளோ, கைல சிக்கட்டும், எம்புள்ள புடிச்சத புடிக்கலன்னு சொல்றாளே, இன்னா வளத்து வுட்டுகீறா!" என்ன வளர்த்துவிட்டிருக்கிறேன். கொரற்றி ஒவ்வொரு படியாக இறங்கினாள், சுற்றி எல்லாரும் எழுந்து வேலியை நோக்கி நெருக்கினார்கள், யாரோ முழங்கையால் இடித்தான், சேலை செருப்பில் மாட்டியது. கோபம் வரவில்லை. தேசம்மாவின் வயிறு எரிகிற எரிச்சல் அவளுக்கும் தெரியும், அதைக் கொட்ட இடம் வேண்டும், கொட்டட்டும். ஆனால் என்ன வளர்த்துவிட்டிருக்கிறாள் என்று கேட்டாளே, அந்தக் கேள்வி மட்டும் கொரற்றியின் உடம்பு முழுக்க வெதுவெதுவென்று இறங்கியது, கட்டஞ்சாயாவின் முதல் மிடறு மாதிரி. கேட்டால் சொல்ல வேண்டுமல்லவா. விசில் முடியிற வரைக்கும்தானே சொல்லப்பிடாது என்றாள். முடிந்துவிட்டதே, கடைசி விசிலும் ஊதி முடித்துவிட்டாளே. மைக்கில் ஒரு குரல், முதலில் நடுவர்களுக்குப் பதக்கம் என்றது. நடுவில் மேசை போட்டு, கோட்டுப் போட்டவர்கள் நின்றார்கள், ஒருவர் எழுதின பலகையை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கைதட்டினார், அவர்தானோ மேலே இருந்து பார்த்தவர். டெல்பின் தொப்பியில்லாத தலையைக் கையால் கோதிக்கொண்டு மேசையை நோக்கி நடந்தாள், வலது காலைக் கொஞ்சம் தாங்கித்தான் நடந்தாள், கொரற்றிக்கு மட்டும் தெரிகிற தாங்கல். சரியாக அந்த இடத்தில் தேசம்மாவின் அகலமான முதுகு. கொரற்றி பெருவிரலில் எக்கினாள். எட்டவில்லை. இந்தப் பக்கம் சாய்ந்தாள், நீலத் துண்டு. அந்தப் பக்கம் சாய்ந்தாள், ஒரு தோள். பதக்கத்தை யாரோ கையில் எடுத்துவிட்டார்கள். அவள் கையை நீட்டி, வியர்வையில் நனைந்திருந்த அந்தத் தோளைத் தொட்டாள். தேசம்மா கண்ணும் மூக்கும் சிவந்து திரும்பினாள்.

"அக்கா, இம்புடு நவுந்து நில்லுங்க. அது எனக்க மோளு. அவளுக்குப் பதக்கம் போடுறதை எனக்குக் காணணும்."